சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து டேட்டாவை எடுப்பது: அனுபவப் பகிர்வு

பதிவு 1

டிஸ்க் தகராறு பண்ணுகிறது என்று தெரிந்ததுமே பலரும் செய்வது, விண்டோஸில் உள்ள டிஸ்க் சரிபார்க்கும் கட்டளையான செக்டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் (chkdsk /r) போட்டு ஓட்டுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே என்ற பதிவை, ஒழுங்குபடுத்துவது. உங்கள் ஃபைல் பிழைக்கிறதா என்பது அதற்குக் கவலை இல்லை. ஃபோல்டர் விவரம் இருந்த இடத்தைப் படிக்க முடியாவிட்டால் ஃபைல்களை அங்கிருந்து பிய்த்து, ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகக் கொட்டிவிடும். போதாததற்கு ஸ்லாஷ் ஆர் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாக முடியலாம். முதலில் காப்பி, ரிப்பேர் எல்லாம் பிறகு. 'ஃபார்மட் பண்ணவா?' என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள்.

நிலைமை தெரிய கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். அது காட்டும் பட்டியலில் பார்க்க வேண்டிய வரிசைகள் 05, சி5, சி6, சி7. 05 என்பது கெட்டுப்போனதால் ஏற்கெனவே மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டார்கள் (டேட்டா எழுதப்படும் சின்னச் சின்னக் கட்டங்கள்). அது சிறிய எண்ணாக மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் அவசரம் இல்லை, பேக்கப் மட்டும் கையில் இருக்கட்டும். சி5 தான் உண்மையான அபாய மணி: இப்போது படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும் செக்டார்கள். சி6, டிஸ்க் தானாகச் சோதித்துப் பார்த்தும் படிக்க முடியாமல் விட்டவை.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த மென்பொருள் ரா மதிப்பை (டிஸ்க் தரும் நேரடி எண்ணை) வழக்கமாக ஹெக்ஸில், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்தான் காட்டும். சி5-க்கு நேரே 18 என்று இருந்தால் அது 24. இப்போதைய பெரும்பாலான டிஸ்க்குகளின் உண்மையான செக்டார் 4096 பைட், கணக்கு வைப்பது 512 பைட்டில். அதனால் ஒரு செக்டார் போனால் பெரும்பாலும் எட்டு எட்டாக ஏறும். 24 என்றால் மூன்று இடம்.

பதிவு 2

சி7 பற்றிச் சொல்லாமல் விட்டீர்கள், நான் சேர்த்துவிடுகிறேன். டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே டேட்டா போகும்போது வந்த பிழைகளின் எண்ணிக்கை அது. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறினால் முதலில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள். கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். கேபிளில் இருக்கிற கோளாறுக்கு நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

வெளியே மாட்டும் 2.5 இன்ச் டிஸ்க் டிக் டிக் என்று அடித்தாலும் உடனே முடிவு கட்டாதீர்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். கேபினட்டின் முன்பக்கப் போர்ட், நீளமான கேபிள், பவர் இல்லாத ஹப் இதெல்லாம் சேர்ந்தால் மோட்டார் சுழல முயன்று முயன்று நிற்கும். பின்பக்கத்து நீல நிற (யுஎஸ்பி 3.0) போர்ட்டில் குட்டையான கேபிளோடு ஒரே ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். அப்போதும் அதே சத்தம் என்றால் ஹெட் (சுழலும் தட்டில் இருந்து டேட்டாவைப் படிக்கும் முனை) போயிருக்கலாம். உடனே கழற்றுங்கள், திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீர்கள். சேதமான ஹெட் தட்டைத் தொட்டுவிட்டால் மேல் பூச்சையே சுரண்டும். சுரண்டிய இடத்து டேட்டாவை யாராலும் கொண்டுவர முடியாது.

ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் ஈரம் பூக்கும், தட்டின் மேலேயும் சேர்த்து. மூடியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தூசி போதும். அதே மாடல் டிஸ்க் வாங்கி அதன் சர்க்யூட் போர்டை மட்டும் எடுத்து மாற்றலாம் என்பதும் இப்போதைய டிஸ்க்குகளில் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி அளவீடுகள் போர்டில் உள்ள சின்ன ரோம் (நிரந்தர நினைவக) சிப்பில் இருக்கின்றன. அந்த எட்டுக்கால் சிப்பையும் பெயர்த்துப் புதுப் போர்டில் ஒட்ட வேண்டும்.

பதிவு 3

சத்தம் இல்லை, ஆனால் காப்பி பாதியில் தொங்குகிறது என்றால் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற லினக்ஸ் மென்பொருள். டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக, காப்பி எடுப்பது இது. எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் ஏன் தொங்குகிறது என்றால், ஒரு கெட்ட செக்டாரை டிஸ்க் பல விநாடி திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, விண்டோஸும் விடாமல் கேட்கிறது. டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் அள்ளிவிடும். இந்த வரிசையில்தான் அதன் பலமே இருக்கிறது.

லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை பென் டிரைவில் போட்டு பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்ய வேண்டிய பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ (gddrescue), டைப் செய்யும் கட்டளை டிடிரெஸ்க்யூ. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையைக் கொடுத்து எது பழைய டிஸ்க், எது புதியது என்று அளவையும் மாடலையும் வைத்து இரண்டு தடவை உறுதி செய்யுங்கள். இடம் மாறினால் வெற்று டிஸ்க்கைக் கொண்டு டேட்டாவை அழித்துவிடுவீர்கள். பழைய டிஸ்க்கை மவுண்ட் பண்ண (ஃபோல்டராகத் திறக்க) வேண்டாம். இமேஜ் போகும் டிஸ்க்கில் பழையதின் முழுக் கொள்ளளவுக்கு மேல் காலி இடம் வேண்டும். ஃபேட்32 கூடாது, 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை அது ஏற்காது.

முதல் சுற்றுக்கு ஹைஃபன் டி (-d), ஹைஃபன் என் (-n). பிறகு மூல டிஸ்க், இமேஜ் ஃபைல், மேப் ஃபைல் (எதுவரை எடுத்தாயிற்று என்ற குறிப்பு) என்ற வரிசை. மேப் ஃபைலைப் புது டிஸ்க்கிலேயே வையுங்கள். பென் டிரைவில் பூட் ஆனபோது ஹோம் ஃபோல்டர் ரேமில் இருக்கிறது, கரண்ட் போனால் மேப்பும் போய்விடும். மேப் இருந்தால் எத்தனை தடவை நிறுத்தினாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். முதல் சுற்று முடிந்ததும் ஹைஃபன் என்-ஐ எடுத்துவிட்டு, ஹைஃபன் ஆர்3 (-r3) போட்டு இன்னொரு சுற்று. நல்ல நிலையில் 1 டிபி டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும், யுஎஸ்பி 2.0 என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். டிஸ்க்கைத் தட்டையாக, அசையாமல் வைத்து டேபிள் ஃபேன் காற்று படும்படி விடுங்கள்.

மீட்பு வேலையெல்லாம் இமேஜின் மேல்தான். பார்ட்டிஷன் (சி, டி என்று பிரித்த பகுதி) காணாமல் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள். அதுவும் முடியாவிட்டால் ஃபைல்களைத் தனித்தனியாகத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக், ஆனால் பழைய பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது, எண்களாகத்தான் கிடைக்கும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க ரிகவரி கீ (அல்லது அதைத் திறக்கும் பாஸ்வேர்டு) இல்லாமல் இமேஜ் எடுத்தும் பிரயோஜனம் இல்லை. அதை இன்றைக்கே பேப்பரில் எழுதி வையுங்கள்.

பதிவு 4

பேக்கப் எடுக்கிற பக்கம் இரண்டு விஷயம். விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்துகிறவர்கள் ஸ்லாஷ் ஆர் 1, ஸ்லாஷ் டபிள்யூ 1 (/R:1 /W:1) போட மறக்காதீங்க. ஒன்றும் போடாவிட்டால் ஒரு ஃபைல் படிக்கவில்லை என்றால் பத்து லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி காத்திருந்து முயற்சி பண்ணும். ஸ்லாஷ் மிர் (/MIR) பழக்கம் இல்லாதவர்கள் தொட வேண்டாம். மூலத்தில் இல்லாத ஃபைலைப் பேக்கப்பிலும் அழிக்கும். ஃபோல்டரைத் தப்பாகக் கொடுத்தால் முழுசும் காலி.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க் இருக்கே என்று நிம்மதியாக இருக்காதீங்க. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வந்தால் மாட்டியே இருக்கிற டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு வெளி டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி எடுங்க. எடுத்ததும் கழற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்க. மேலே மார்க்கரில் தேதி எழுதுங்க. மாதம் ஒரு தடவை அதில் இருந்து பத்துப் ஃபைலையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்க, பெரிய வீடியோ ஒன்றைக் கடைசி வரை ஓட்டியும் பாருங்க.