கொல்கத்தாவில் நான்கு நாட்கள்: ஓடாமல் ஒரு நகரத்தைப் பார்ப்பது எப்படி?

வினா: மாடவீதி

வணக்கம். வரும் தை மாதத்தில் நானும் என் அப்பாவும் ஹவுரா மெயிலில் கொல்கத்தா செல்கிறோம். கையில் நான்கு முழு நாட்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு 68 வயது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சகத்தில் எழுத்துக்கோத்தவர். நிதானமாக நடந்தால் இரண்டு கிலோமீட்டர் வரை சலிக்காமல் வருவார்.

சென்ற ஆண்டு ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வழியாக ஜெய்ப்பூர் சென்றோம். இரண்டு நாளில் பதினொரு இடங்களைக் காட்டினார்கள். ஒவ்வோர் இடத்திலும் முக்கால் மணி நேரம். அதில் பாதி வரிசையில் நிற்பதிலேயே போய்விட்டது. ஊர் திரும்பிய பிறகு அப்பா ஆசையாகப் பேசியதெல்லாம், வண்டி பழுதாகி நின்ற ஒரு மணி நேரத்தில், தெருவோரம் ஒருவர் அரக்கை உருக்கி வளையல் செய்ததை உட்கார்ந்து பார்த்ததைப் பற்றித்தான். இந்த முறை அப்படிப்பட்ட நேரமே பயணமாக அமைய வேண்டும் என்று விரும்புகிறேன். விக்டோரியா நினைவு மண்டபம் போன்றவற்றை நாங்களே பார்த்துக்கொள்வோம். நகரத்தோடு பழக எங்கே தொடங்கலாம், எந்த நேரத்தில் போகலாம் என்று அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: ஆற்றங்கரை

பதினான்கு ஆண்டுகள் கொல்கத்தாவில் பணியாற்றினேன். நம்மவர்கள் மிகுந்த லேக் மார்க்கெட் பகுதியில், முருங்கைக்காயும் வாழையிலையும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும் தெருவில்தான் குடியிருந்தேன். ஆனாலும் அந்த நகரம் எனக்குப் பிடிபட்டது வடபகுதியில் நடந்த பிறகுதான். ஆற்றிலிருந்து தொடங்குங்கள்.

காலை ஆறு மணிக்கெல்லாம் ஹவுரா பாலத்தில் இருங்கள். 1943-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 705 மீட்டர். அப்பா தாராளமாக நடந்துவிடுவார். ஏறத்தாழ 26,500 டன் எஃகை ஒரு போல்ட்டு நட்டுகூட இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே இணைத்திருக்கிறார்கள். தை மாதத்தில் ஆற்றின் மேல் பனி மூடிக் கிடக்கும். எதிரே பூக்கூடையைத் தலையில் சுமந்து வருபவர்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிவார்கள். கிழக்குக் கரையில் இறங்கினால் பாலத்தின் அடியிலேயே மல்லிக் காட் பூச்சந்தை. மலைபோல் குவிந்த துலுக்கச் சாமந்தியை எல்லோரும் படமெடுப்பார்கள். நீங்கள் செம்பருத்தி விற்பவரிடம் நில்லுங்கள். அது காளிக்கு உரிய பூ. ஒருமுறை ஒரு பெரியவர், நம் ஊர்ப் பூக்காரர்களைப் போலவே, நூலைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு, விரியாத மொட்டுகளாகப் பார்த்து ஊசியில் கோத்துக்கொண்டிருந்தார். 108 எண்ணி முடிக்கும் வரை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முடித்த பிறகுதான் விலையைச் சொன்னார்.

பிறகு ஹவுரா துறைக்குத் திரும்பி, ஷோபாபஜார் செல்லும் படகில் ஏறுங்கள். கட்டணம் சில ரூபாய்தான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் குமார்துளி, சிலை செய்யும் குயவர்களின் குடியிருப்பு. துர்க்கை பூசைக் காலத்தில்தான் போக வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. தை மாதத்தில் சரஸ்வதி பூசைக்கான சிலைகள் தயாராகும், கூட்டமும் குறைவு. மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி உடம்பு செய்வது, அதன்மேல் களிமண் பூசுவது, காயவைத்து வண்ணம் தீட்டுவது என்று எல்லா நிலைகளையும் ஒரே சந்தில் பார்க்கலாம். தந்தையார் எழுத்துக்கோத்தவர் என்கிறீர்கள். கைவேலையின் அருமை தெரிந்தவர், அவரை அவசரப்படுத்தாதீர்கள். படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

களைத்தால் உட்கார இடமுண்டு. வடகொல்கத்தாவின் பழைய வீடுகளுக்கு முன்னால் ‘ரோயாக்’ என்று ஒரு மேடை இருக்கும். நம் திண்ணையேதான். மாலையில் ஆண்கள் அதில் உட்கார்ந்து உலகத்தையே அலசிக்கொண்டிருப்பார்கள்.

மறுமொழி: ஈயஎழுத்து

மேலே நண்பர் சொன்னதற்கு மேல் ஆற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுத்துக்கோத்தவரை அழைத்துச் செல்பவர் ஸ்ரீராம்பூரை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஹவுராவிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பாதிரியார் வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1800-இல் அங்கே தொடங்கிய மிஷன் அச்சகத்திலிருந்து இந்தியாவின் பல மொழிகளில் நூல்கள் வெளிவந்தன. அங்கே அச்செழுத்து வெட்டியவர் பஞ்சானன் கர்மாகர். அதற்கு முன், 1778-இல் ஹூக்ளி என்ற ஊரில் வங்க எழுத்துகளோடு ஓர் இலக்கண நூல் அச்சானபோது, சார்லஸ் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து அந்த எழுத்துகளை உருவாக்கியவரும் அவர்தான். 1818-இல் நிறுவப்பட்ட ஸ்ரீராம்பூர் கல்லூரியில் கேரியின் பெயரில் நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்.

தமிழருக்கு அந்த ஊர் முற்றிலும் அந்நியமன்று. நம் தரங்கம்பாடியைப் போலவே அதுவும் டேனியர்களின் ஊராக இருந்தது. 1845-இல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சுக்கூடத்தைப் பற்றித் தந்தையார் அறிந்திருப்பார். தரங்கம்பாடிக் கடற்கரையையும் பார்த்தவர் என்றால், ஸ்ரீராம்பூரில் 1806-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஓலவ் தேவாலயத்தின் முன் நிற்கும்போது அவருக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

திரும்பி வந்து மறுநாள் முழுவதையும் கொல்கத்தாவின் கல்லூரித் தெருவுக்கு (காலேஜ் ஸ்ட்ரீட்) கொடுங்கள். பழைய புத்தகக் கடைகள் நடைபாதை நெடுக வரிசையாக இருக்கும். களைத்தால் பிரசிடென்சி பல்கலைக்கழகத்துக்கு எதிரே, மாடியிலுள்ள காபி ஹவுஸில் உட்காரலாம். பால் சேர்க்காத காபியை அங்கே ‘இன்ஃப்யூஷன்’ என்றுதான் கேட்க வேண்டும். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மறுமொழி: தண்டவாளம்

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். டிராமில் ஒருமுறையாவது செல்லுங்கள். 1873-இல் குதிரை இழுத்த வண்டியாகத் தொடங்கி, 1902-இல் மின்சாரத்துக்கு மாறி, நகரம் முழுக்க ஓடியது இன்று ஓரிரு தடங்களாகச் சுருங்கிவிட்டது. எது ஓடுகிறது என்று நகர மையத்திலுள்ள எஸ்பிளனேடில் கேட்டால் சொல்வார்கள். எங்கே போகிறோம் என்று யோசிக்காமல் சன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய், அதிலேயே திரும்புங்கள். எதிர்ப்படும் லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் மணியடித்துக் காத்திருந்து அது ஊர்ந்து போகும் வேகத்தில், கடைப்பலகைகளையும் மாடத்தில் நின்று தலை துவட்டுபவரையும் ஆற அமரப் பார்க்கலாம். இத்தனை அருமையான ஒன்று மறைந்துகொண்டிருப்பது எனக்குத் தீராத வருத்தம்.

வினவியவர்: மாடவீதி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அனைத்தையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பஞ்சானன் கர்மாகர் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து போய், தாம் வைத்திருந்த பழைய எழுத்துக்கோக்கும் குச்சியைத் தேடி எடுத்து வந்தார். அதைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். முதல் நாள் ஆறு, இரண்டாம் நாள் ஸ்ரீராம்பூர், மூன்றாம் நாள் கல்லூரித் தெரு என்று முடிவு செய்திருக்கிறோம். நான்காம் நாளை டிராமுக்கென்று விட்டுவிட்டோம். அப்பாவுக்கு இனிப்பு பிடிக்கும். தை மாதத்தில் அங்கே எது சிறப்பு?

மறுமொழி: ஆற்றங்கரை

தாராளமாக எடுத்து வரச் சொல்லுங்கள். தை மாதம் என்றால் ‘நோலேன் குர்’ சேர்த்த சந்தேஷ்தான். ஈச்சமரத்திலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லம் அது. குளிர்காலத்தில் மட்டுமே கிடைக்கும். காலையிலேயே வாங்கிவிடுங்கள், பிற்பகலில் பல கடைகளில் தீர்ந்துவிடும்.