மறுமொழி: டிக்கெட்டை ‘வேலிடேட்’ செய்வதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வெளிநாடு போகும் பெரியவர்களுக்கான கையேட்டில் ‘ஏறும் முன் டிக்கெட்டை வேலிடேட் செய்யவும்’ என்ற வரிக்கு நண்பர் தமிழ் கேட்டிருந்தார். இதுவரை வந்த சொற்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்பதில் எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது.

போன வருடம் அம்மாவோடு ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே மெட்ரோவில் தடுப்புக் கதவே கிடையாது. டிக்கெட் வாங்கினோம், படியிறங்கினோம், வண்டியில் உட்கார்ந்தோம். இரண்டாவது நிறுத்தத்தில் சாதாரண உடுப்பில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் வந்து உள்ளங்கையில் ஒரு சின்ன வில்லையைக் காட்டினார். அம்மா கைப்பையைத் திறந்து, விபூதிப் பொட்டலத்தோடு பத்திரமாக வைத்திருந்த இரண்டு டிக்கெட்டையும் எடுத்து நீட்டினார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் அம்புக்குறி போட்டிருந்த இடம் தேதியும் நேரமும் அச்சாகாமல் வெறுமையாக இருந்தது. அபராதம் கட்டினோம். ‘காசு குடுத்து வாங்கின டிக்கெட்டு எப்படிடா செல்லாமப் போகும்?’ என்று விடுதி போய்ச் சேரும்வரை அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். பணம் போனதைவிட, நாலு பேர் முன்னால் டிக்கெட் எடுக்காதவர் போல நின்றதுதான் அவருக்கு ஆறவேயில்லை.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த நிமிடமே டிக்கெட் செல்லும். அங்கே வாங்குவது ஒரு வேலை, அதைத் தொடங்கி வைப்பது, அதாவது வேலிடேட் செய்வது, இன்னொரு வேலை. செக் நாட்டின் பிராகா நகரில் 30 நிமிட டிக்கெட், 90 நிமிட டிக்கெட் என்று விற்கிறார்கள். பத்து டிக்கெட்டை ஒன்றாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் பெட்டியின் வாயில் டிக்கெட்டை நுழைத்து, ‘டக்’ என்ற சத்தத்தோடு அது தேதியையும் நேரத்தையும் அச்சடித்த பிறகுதான் அந்த 30 நிமிடம் ஓட ஆரம்பிக்கும். ரோமில் இது 100 நிமிடம், பெர்லினில் ஒரு திசையில் 2 மணி நேரம்.

சரி, இனி சொற்களுக்கு வருகிறேன்.

> ‘சீட்டுப் பதிவு’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான், ஆனால் ‘டிக்கெட் பதிவு பண்ணியாச்சு’ என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம்? முன்பதிவு. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ‘சரிபார்ப்பு’ என்பதும் இப்படித்தான். சரிபார்ப்பவர் பரிசோதகர், பயணி அல்ல. மென்பொருளில் அந்தச் சொல் பொருந்தலாம், ரயில் நிலையத்தில் பொருந்தாது.

> ‘செல்லுபடியாக்கல்’ பொருளை அப்படியே சொல்கிறது.

இதைப் பற்றி நிறைய யோசித்தேன். அம்மா ‘செல்லாம’ என்றுதானே சொன்னார், அந்த வேர் மக்கள் நாக்கில் இருக்கிறது. ஆனாலும் இரண்டு சங்கடம். ‘செல்லுபடியாக்கவும்’ என்று படிப்பவர், அது விற்றவர் வேலை என்றுதான் நினைப்பார். கையால் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

இரண்டாவது, இந்தக் காரியத்தின் சட்டப் பொருளை மொழிகளே ஒருமாதிரி பார்க்கவில்லை. ஜெர்மன்காரர்கள் அந்தப் பெட்டியை ‘என்ட்வெர்ட்டர்’ என்கிறார்கள், ‘மதிப்பை நீக்குவது’ என்று பொருள். ஒருமுறை அடித்துவிட்டால் இன்னொரு பயணத்துக்கு அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்ற பார்வை அது. இத்தாலியில் இன்னும் வேடிக்கை. ‘கொன்வாலிதாரே’ என்றும் சொல்வார்கள், ‘ஒப்லித்தெராரே’ என்றும் சொல்வார்கள். முதலாவது செல்லுபடியாக்குவது, இரண்டாவது அழிப்பது. ஒரே பெட்டிக்கு நேர்மாறான இரண்டு பெயர்! பிரெஞ்சுக்காரர்களின் ‘கொம்போஸ்தே’ இந்த வழக்குக்கே போவதில்லை. ‘கொம்போஸ்தர்’ என்பது அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் கைக்கருவியின் பெயர். தாளில் எழுத்து விழுகிறது என்ற, கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தை மட்டும் அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கிறது.

நமக்கும் அப்படி ஒன்று கையிலேயே இருக்கிறது: ‘முத்திரை குத்துதல்’. தபால் நிலையத்தில் தபால்தலைமேல் முத்திரை விழுந்துவிட்டால் அந்தத் தபால்தலையை மறுபடி ஒட்ட முடியாது. இத்தாலியனும் ஜெர்மனும் டிக்கெட்டுக்குச் சொல்கிற அதே சொற்களைத் தபால்தலைக்கும் சொல்கின்றன. மும்பையில் இருந்தவர்களுக்குப் புறநகர் ரயில் கூப்பன் ஞாபகம் இருக்கும். அப்போதெல்லாம் கூப்பனை மெஷினில் விட்டு ‘பஞ்ச்’ பண்ணிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். ‘குத்து’ அதற்கும் பொருந்துகிறது.

இவ்வளவும் எழுதி வைத்திருந்தேன். அதற்குள் யாழ்ப்பாணத்து நண்பரின் மடல் வந்தது.

> எங்களுக்கு முத்திரை எண்டால் கடிதத்தில ஒட்டுறது. ரிக்கற்றில முத்திரை எண்டால் எங்கட சனம் ஒட்டுறதுக்கு ஏதோ வாங்க வேணும் எண்டுதான் நினைக்கும்.

இது கனமான மறுப்பு. பாரிஸிலும் பெர்லினிலும் தினமும் இந்தப் பெட்டிகளைக் கடந்து போகும் தமிழரில் ஈழத்தவர் நிறையப் பேர். அவர்களுக்கு இடறுகிற சொல் நமக்கு வேண்டாம். ஒரு நாள் முழுக்க யோசித்ததில் முன்னால் ஒரு சொல் சேர்த்தால் போதும் என்று தோன்றியது: நேர முத்திரை. நேரத்தை யாரும் ஒட்ட முடியாது, அதனால் தபால்தலைக் குழப்பம் வராது. கணினித் தமிழில் இந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது, பொருளும் அதேதான். இன்னொரு லாபம், எதற்காகக் குத்துகிறோம் என்பதும் அதில் வந்துவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு.

பயண அட்டையைக் கருவியில் தொட்டுவிட்டுப் போவதையும் இதே சொல்லில் அடக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நான் உடன்படவில்லை. லண்டன் சுரங்க ரயிலில் அட்டையை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தொட வேண்டும், வெளியே வரும்போது விட்டுவிட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். பிராகாவில் காகித டிக்கெட்டை இரண்டாம் முறை பெட்டியில் விட்டால் அந்த டிக்கெட்டே போச்சு. ஒரே சொல்லைக் கொடுத்தால், லண்டனில் பழகிய கை பிராகாவில் இறங்கும்போதும் டிக்கெட்டைப் பெட்டிக்குள் விடும். அட்டைக்குத் ‘தொடுதல்’ தனியாகவே இருக்கட்டும்.

ஆக, என் முன்மொழிவு இது. செயலுக்கு ‘நேர முத்திரை குத்துதல்’, கருவிக்கு ‘நேர முத்திரைப் பெட்டி’. பேச்சில் ‘டிக்கெட்டைக் குத்தியாச்சா?’ என்று சுருங்கினால் மகிழ்ச்சிதான்.

கையேட்டு வரியில் ‘ஏறும் முன்’ என்பதையும் மாற்ற வேண்டும். இத்தாலியின் வட்டார ரயிலில் காகித டிக்கெட்டை நடைமேடையிலேயே குத்திவிட்டு ஏற வேண்டும், சரி. ஆனால் பெர்லின் டிராமில் பெட்டி வண்டிக்குள்ளே இருக்கிறது, ஏறினால்தான் குத்த முடியும். இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. நிலையத்திலோ வண்டிக்குள்ளோ இருக்கும் பெட்டியில் ஒரே ஒரு முறை நேர முத்திரை குத்திக்கொள்ளுங்கள்.’

யாழ்ப்பாணத்து நண்பர் இதை வீட்டில் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டி, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்டார்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும். நான் அம்மாவிடம் இன்று ராத்திரி வாசிக்கிறேன்.