கார்பன், கிளைமேட் பாடத்த இங்கிலீஷ் கிளாஸ்ல எடுத்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

சாயங்கால பேட்ச்:

நாகர்கோவில்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். நர்சிங் முடிச்சிட்டு, வெளிநாடு போறதுக்காக ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போற பிள்ளைங்க பாதி, மீதி வேலைக்குப் போறவங்க, அதுல முப்பந்தல்ல கரண்ட் எடுக்கிற காத்தாடில டெக்னீஷியனா இருக்கிறவங்களும் உண்டு. பரீட்சைல சுற்றுச்சூழல் கேள்வி அடிக்கடி வர்றதால இந்தப் பாடத்த தள்ளவும் முடியாது. ஆனா வெளிநாட்டு ஒர்க்‌ஷீட்ல முதல் கேள்வியே வருஷத்துக்கு எத்தன தடவ பிளைட்ல போவீங்க, அடுத்தது குளிர்காலத்துல வீட்ட சூடாக்க என்ன யூஸ் பண்றீங்க. நாகர்கோவில்ல! எல்லாரும் 'நோ', 'நெவர்'னு சொல்லி முடிச்சிட்டு என் மூஞ்சிய பாப்பாங்க.

இப்ப அத விட்டுட்டு அவங்கவங்க வீட்டு கரண்ட் பில்லும் வண்டிக்கு பெட்ரோல் போட்ட கணக்கும் எடுத்துட்டு வரச் சொல்றேன். நம்ம கிரிட் கரண்ட் ஒரு யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு எரிஞ்சு தீந்தா 42 கிலோ பக்கம். இத போர்டுல எழுதினதும் ஒரு பையன் எந்திரிச்சு, ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கா கிலோ தான சார் இருக்கும், அதுல இருந்து ரெண்டேகால் கிலோவுக்கு மேல எப்படி வரும்னு தமிழ்ல கேட்டான், இங்கிலீஷ்ல கேளுன்னு சொல்லி நான் ஒதுங்கிட்டேன். பின்னாடி பெஞ்சுல இருந்த நர்சிங் பொண்ணு போர்டுக்கே வந்து கார்பன் 12, ரெண்டு ஆக்சிஜன் 32, மொத்தம் 44னு எழுதி, கூடுற வெயிட்டு காத்துல இருந்து வருதுன்னு திக்கித் திணறி இங்கிலீஷ்லயே சொல்லி முடிச்சிச்சு. கிராமர் அங்கங்க இடிச்சுது, நான் வாயே திறக்கல, அந்த நேரத்துல திருத்துற வாத்தியார் உருப்பட மாட்டார்ங்கிறது என் கட்சி.

தீர்வு பக்கம் வந்தா புக்குல காத்தாடி நல்லதுன்னு ஒரே வரி. நம்ம டெக்னீஷியன் அண்ணன் விடுவாரா, காத்து மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தான் நல்லா இருக்கும், அப்ப நல்லா அடிக்கிற நேரம் பாத்து கிரிட் தாங்கலன்னு மெஷின நிறுத்தச் சொல்லிருவாங்க, அதுக்குப் பேர் பேக்டவுன்னு ஆரம்பிச்சுட்டார். 90கள்ல வெச்ச 225, 250 கிலோவாட் குட்டி மெஷின் எல்லாம் நல்ல காத்து இருக்கிற இடத்த பிடிச்சிட்டு நிக்குதாம், அத எடுத்துட்டு 2 மெகாவாட் மெஷின் வெக்கணும்னு சொல்றார். 'இஃப் தே ரிமூவ் ஓல்ட் மெஷின், வீ வில் கெட் மோர் கரண்ட்.' இஃப் கண்டிஷன் நடத்த இதவிட நல்ல வாக்கியம் வேணுமா?

ஸ்காபரோ ரீச்சர்:

நான் இஞ்ச கனடாவில புதுசா வந்த ஆக்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறனான், எங்கட வகுப்பில கார்பன் எண்டாலே காசுக் கதைதான். 2024இல ஒன்ராறியோவில நாலு பேர் குடும்பத்துக்கு மூண்டு மாசத்துக்கொருக்கா 280 டொலர் வங்கியில விழும், அது கார்பன் வரியில திரும்பி வாற காசு எண்டு கனபேருக்குத் தெரியாது. பெற்றோல் ரசீதைக் கொண்டு வரச் சொல்லி லீற்றருக்கு 17.6 சதம் அந்த வரிக்குப் போகுது எண்டு காட்டினன், அவ்வளவுதான், டிலிவரி ஓடுற ஐயா எனக்கு நட்டம் எண்டுறார், கார் இல்லாமல் பஸ்ஸில வாற அம்மா எனக்கு லாபம் எண்டுறா, தமிழ், அரபு, டாரி எல்லாம் கலந்து ஒரே சத்தம், பிறகு வேற வழியில்லாமல் எல்லாரும் ஆங்கிலத்துக்கு வந்திச்சினம். 2025 ஏப்ரல் 1ஓட அந்த வரியை நிப்பாட்டிப் போட்டாங்கள். பாடத்தை எறிய மனமில்லை, இப்ப பாஸ்ட் டென்ஸுக்கு வைச்சிருக்கிறன்.

சாயங்கால பேட்ச்:

அக்கா சூப்பர். ரசீது ஐடியாவ எடுத்துக்கிறேன், ஆனா எங்க பங்க் பில்லுல வரி எவ்வளவுன்னு பிரிச்சுப் போட மாட்டாங்க.

கோச்சிங் சென்டர்:

சென்னைல ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்ல டாஸ்க் ஒன், அதாவது கிராஃப பாத்து எழுதுற கேள்வி, எடுக்கிறேன். ஆளுக்கு வருஷத்துக்கு எவ்வளவு கார்பன் எமிஷன்னு நாடு வாரியா கிராஃப் போட்டேன், நமக்கு ரெண்டு டன் பக்கம், அமெரிக்காவுக்கு 14 பக்கம். பாத்துட்டு ஒரு பொண்ணு, 'தென் ஒய் ஷுட் ஐ ஸ்விட்ச் ஆஃப் மை ஃபேன்'னு கேட்டுச்சு. கிளாஸ் ரெண்டா பிரிஞ்சு அடிச்சுக்கிச்சு, எனக்கே எந்தப் பக்கம் பேசன்னு தெரியல. டாஸ்க் டூ, அதாவது கட்டுரைக் கேள்வியா அதையே குடுத்துட்டேன், 250 வார்த்தை, திங்கக்கிழமை கொண்டு வரணும்.