மார்கழிக் குளிரா, சித்திரை வெயிலா: கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் பக்கம் இதயத்தை எது அதிகம் பாதிக்கிறது?

தளிக்காரன்:
எங்கள் அப்பா போனது 2019 மார்கழியில். விடியற்காலை நாலரை மணிக்குத் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுப் பால் கறக்க உட்கார்ந்தார். கால் சொம்புகூடக் கறக்கவில்லை. அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. வாயுப் பிடிப்பு என்று நினைத்து வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், குளிரை யாரும் கண்டுகொள்வதில்லை. 2022இல் சர்குலேஷன் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு 27 நாடுகளில் 567 நகரங்களின் கணக்கைப் பார்த்தது. இதய நோய்ச் சாவு ஆயிரத்துக்கு, கடும் வெப்ப நாட்களால் கூடுதலாக 2.2 சாவு, கடும் குளிர் நாட்களால் 9.1.

அரூர்க்காரன்:
வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆனால் அந்தக் கணக்கில் பனி கொட்டும் ஊர்களும் சேர்த்திதானே? தளியைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள், சரி. அரூரில் ஏது குளிர்? மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே படுத்துப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடும். 2024இல் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. குளிருக்கு அப்படி ஏதாவது உண்டா?

தளிக்காரன்:
குளிர் அலை மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் முன்பே இருக்கிறது, ஆனால் நம் பக்கம் யாரும் கண்டுகொள்வதில்லை, அதுதான் என் குறையே. ஒவ்வொரு ஊரின் குளிரையும் அந்த ஊர் வழக்கத்தை வைத்தே அளந்தார்கள், தம்பி. இந்தியாவை மட்டும் எடுத்து 2018இல் பிளாஸ் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்விலும், கடும் வெயிலை விட 13.8 முதல் 30 டிகிரி வரையிலான மிதமான குளிரோடு சேர்ந்த சாவுகள்தான் பல மடங்கு.

அரூர்க்காரன்:
30 டிகிரியைக் குளிர் என்றால் எங்கள் ஊரில் யார் ஒத்துக்கொள்வார்கள்? வருஷத்தில் அப்படிப்பட்ட நாள்தான் அதிகம், அதனால் சாவும் அதிகமாகக் கணக்காகிறது. வெயில் ஒன்றிரண்டு நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

பாலக்கோடு செவிலியர்:
இரண்டையும் வார்டில் பார்த்தவள் சொல்கிறேன். குளிரில் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், ரத்தமும் கெட்டியாகும். அதன் பாதிப்பு அன்றோடு போகாது, இரண்டு மூன்று வாரம் வரை தொடரும். விடியற்காலையில் பிரஷர் இயல்பாகவே ஏறும் நேரம் வேறு.

வெயிலில் குழாய்கள் விரியும். உடம்பைக் குளிர்விக்க இதயம் வேகமாக அடிக்கும். வியர்த்து நீர் போனால் ரத்தம் கெட்டியாகும். போன மாம்பழ சீசனில் ஓர் அம்மாவைத் தூக்கி வந்தார்கள். மூன்று நாள் தோப்பில் காய் பொறுக்கியிருக்கிறார், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. பிரஷருக்குக் கொடுத்த, சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். பிரஷரின் மேல் அளவே 80க்கு இறங்கியிருந்தது. அதற்காக யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடை தொடங்கும்போதே டாக்டரிடம் அளவைக் கேளுங்கள்.

தளிக்காரர் சொன்ன அந்த வியர்வை வாயு இல்லை அண்ணா, மாரடைப்பின் அறிகுறி. நெஞ்சு அழுத்தத்தோடு அப்படி வியர்த்தால் 108ஐக் கூப்பிடுங்கள். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாரடைப்புக்கு முதல் மருந்தாக 14 மாத்திரை கொடுக்கிறார்கள். வெந்நீரில் போகிற நேரம் திரும்பி வராது.

தளிக்காரன்:
நாங்கள் விட்டது முக்கால் மணி நேரம், அக்கா. அம்மாவுக்கும் பிரஷர் இருக்கிறது. இந்த மார்கழியில் ஆறரைக்கு முன்னால் தொழுவத்துக்கு விடமாட்டேன். பால் வண்டி போனாலும் போகட்டும்.

அரூர்க்காரன்:
அதைச் செய்யுங்கள் அண்ணா. ஆனால் என் பேச்சை நான் விடவில்லை. எங்கள் அப்பாவும் நீர் மாத்திரைதான் போடுகிறார், பங்குனியிலேயே கூட்டிக்கொண்டு போய் அளவைக் கேட்கப் போகிறேன். அக்கா, அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? இதயம் வீங்கியிருக்கிறது, குறைத்துக் குடி என்று முன்பு சொல்லியிருக்கிறார்கள்.

பாலக்கோடு செவிலியர்:
அப்படியானால் இங்கே கேட்காதீர்கள் தம்பி. தினமும் காலையில் அவர் எடையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள், அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள்.