மறு: மைசீனிக் கோட்டை, கல்லறை - சொல் வேண்டும்

> மொழிபெயர்ப்பில் சிட்டாடலுக்கு (citadel, மதில் சூழ்ந்த அரண்) மலைக்கோட்டை, கல்லறை எல்லாவற்றுக்கும் குடைவரைக் கல்லறை என்று போட்டுவிடலாமா?

ஐயா, வணக்கம். மலைக்கோட்டை, வெண்கலக் காலக் கிரேக்க ஊரான மைசீனிக்குப் பொருந்தும், அதே காலத்து டிரின்ஸுக்கு இடிக்கிறது. அது ஆர்கோஸ் சமவெளியில் முப்பது மீட்டர்கூட எழும்பாத பாறைத்திட்டு, அதைப் போய் மலை என்றால் யார் ஒப்புவார்கள்? இரண்டுக்கும் பொதுவாக ‘மேட்டரண்’ என்று வைக்கலாம். ‘நகர்’ என்று முடியும் சொல் வேண்டவே வேண்டாம். மைசீனியில் மதிலுக்குள் இருந்தவை அரண்மனை, கிடங்குகள், பட்டறைகள், படியிறங்கித் தண்ணீர் எடுக்கும் நிலத்தடித் தொட்டி போன்றவைதான், குடிகளில் பெரும்பாலோர் வீடு வெளியேதான். ஏதென்ஸில் இருப்பதை அக்ரோபோலிஸ் என்றே விட்டுவிடுவோம், அந்தப் பெயர் ஊன்றிவிட்டது.

கல்லறையில்தான் சிக்கல். சரிவில் மென்பாறையைக் குடைந்து, நீண்ட வழி, குறுகிய வாசல், உள்ளே அறை என்று அமைத்தார்களே, அவை குடும்பக் கல்லறைகள். புதைத்ததும் வாசலைக் கல்லடுக்கி அடைத்து வழியில் மண்ணை நிரப்பிவிடுவார்கள், அடுத்த சாவுக்கு மறுபடி தோண்டுவார்கள். இவற்றுக்குக் குடைவரைக் கல்லறை அச்சாகப் பொருந்தும். ஆனால் கி.மு. 13ஆம் நூற்றாண்டின் ‘அட்ரியஸ் கருவூலம்’ (பெயர்தான் கருவூலம், மைசீனியில் உள்ள கல்லறை அது) குடைந்ததே அல்ல! சரிவை வெட்டித் திறந்து, கல்வரிசைகளை வட்டமாக ஒவ்வொன்றும் கொஞ்சம் உள்ளே நீளும்படி அடுக்கி, 13 மீட்டருக்கு மேல் உயர்த்தி, மேலே மண் மூடியிருக்கிறார்கள். வாசலின் மேல்கல் மட்டும் 100 டன்னைத் தாண்டும். கட்டியதைக் குடைவரை என்பது எப்படி?

இப்படிக் கட்டிய கல்லறைக்கு ஆங்கிலத்தில் beehive tomb என்பதைப் பார்த்துத் ‘தேன்கூட்டுக் கல்லறை’ என்றும் போடாதீர்கள். அவர்கள் மனத்தில் இருப்பது வைக்கோல் திரித்துச் செய்த கவிழ்த்த கூடை, நம் தேன்கூடோ கிளையில் தொங்கும் அடை. ‘கூம்புமாடக் கல்லறை’ என்பது என் முன்மொழிவு.

---

> கூம்புமாடக் கல்லறை என்பது என் முன்மொழிவு

நன்று தம்பி, எடுத்துக்கொள்கிறேன். குவிமாடம் என்று எழுதியிருந்தேன், ஆனால் அது பிற்கால ரோமானியக் கட்டுமானத்தை நினைவூட்டுகிறது. அப்புறம், கல்லறை வாசலுக்குப் போகும் அந்த நீண்ட வழிக்கு, அதாவது டிரோமோஸுக்கு, ‘இடைகழி’ சரிவருமா?

---

வராது ஐயா. இடைகழி வீட்டுக்குள் கூரைக்குக் கீழ் வருவது. அட்ரியஸில் அந்த வழி 36 மீட்டர், இருபுறமும் கற்சுவர், மேலே வானம். குடைவரைக் கல்லறையில் அது சரிந்து இறங்குகிறது, இங்கே அநேகமாகச் சமதளம், அதனால் ‘இறங்குவழி’யும் உதவாது. ‘நுழைவழி’ இரண்டுக்கும் போதும்.