மொன்டிபோராவின் அடிப்பக்கம் வெள்ளையாகிக்கொண்டே போகிறது, என்ன செய்வது?

நீலத்தொட்டி எழுதியது:

நண்பர்களே, கொஞ்சம் அவசரம்.

என் 200 லிட்டர் ரீஃப் தொட்டியில் (கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டி) தட்டு வடிவில் வளரும் ஆரஞ்சு மொன்டிபோரா பவளம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவு ஃபிராக்காக, அதாவது வெட்டியெடுத்த சிறு துண்டாக வந்தது, இரண்டு வருடத்தில் 15 செ.மீ. அகலத்துக்கு விரிந்துவிட்டது. தொட்டியில் நான் முதலில் வைத்த பவளம் அதுதான். தினமும் காலையில் விளக்கு எரிந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

பத்து நாளைக்கு முன் தட்டின் விளிம்புக்குக் கீழே நகக்கீற்று அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) இறங்கியிருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் மாற்றினேன். கோடு நிற்கவில்லை. இப்போது அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் எலும்புக்கூடு. மேல்பக்கம் இன்னும் ஆரஞ்சாகத்தான் இருக்கிறது, ஆனால் விளிம்பில் வெளுப்பு மேலே ஏறத் தொடங்கிவிட்டது.

தண்ணீர் அளவுகள் சரியாகத்தான் இருக்கின்றன: உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, அல்கலினிட்டி 8.4, கால்சியம் 430, நைட்ரேட் 5. பக்கத்திலேயே அக்ரோபோரா என்ற வேறு வகைப் பவளம் இரண்டு இருக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் இல்லை, பாலிப் (பவளத்தின் குட்டி உயிர்கள்) நன்றாக விரிகிறது.

நேற்று இரவு விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சில் சிவப்பு காகிதம் சுற்றிக்கொண்டு தட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். உயிருள்ள சதையும் வெள்ளை எலும்பும் சேரும் இடத்தில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. அழுக்கு என்று ஊதிவிடப் போனேன், அது நகர்ந்தது. 3 மி.மீ. இருக்கும். முதுகு முழுக்க வெள்ளை விரல்கள். தேடினால் இன்னும் நாலு. பக்கத்திலேயே பொட்டுப் பொட்டாக வெள்ளைக் கொத்துகளும் இருக்கின்றன.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு பச்சை மொன்டிபோரா ஃபிராக் வைத்தேன். பத்து நிமிடம் டிப் போட்டுத்தான், அதாவது மருந்துத் தண்ணீரில் முக்கியெடுத்துத்தான் வைத்தேன், ஒன்றும் விழவில்லை. அதிலிருந்து வந்திருக்குமா? தட்டைக் காப்பாற்ற முடியுமா?

அலைக்காரன் எழுதியது:

நுடிபிராங்க்தான், சந்தேகமே இல்லை. ஒரு சிக்ஸ்லைன் ராஸ் மீன் விடுங்கள், நாள் முழுக்க பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். என் தொட்டியில் அது வந்த பிறகு புழு பூச்சி எதுவும் கண்ணில் பட்டதில்லை.

பவளக்கொடி எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று: நீங்கள் இரவில் டார்ச் எடுத்துப் பார்த்தது ரொம்ப நல்ல காரியம். பல பேர் தண்ணீரையே மாற்றி மாற்றி, பவளம் போன பிறகுதான் அடியில் பார்ப்பார்கள்.

உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. அல்கலினிட்டி ஆடியிருந்தால் அக்ரோபோராதான் முதலில் முகம் சுளிக்கும். அது நன்றாக இருக்கும்போது மொன்டிபோரா மட்டும், அதுவும் நிழல் விழும் அடிப்பக்கத்திலிருந்து தேய்கிறது என்றால், மொன்டிபோராவை மட்டுமே தின்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இந்த நுடிபிராங்க், அதாவது ஓடில்லாத கடல் நத்தை, வேறு பவளத்தைத் தொடாது. அதுதான் அதன் பலவீனமும்.

அலைக்காரன் சொல்லும் ராஸ் மீன் பொய்யில்லை, வெளியே திரிவதைத் தின்னும். ஆனால் இவை பகலில் தட்டின் அடியில் ஒளிந்துகொள்கின்றன, அங்கே மீனின் வாய் போகாது. முட்டையையும், அதாவது நீங்கள் பார்த்த வெள்ளைக் கொத்துகளையும், மீன் தீர்த்துவிடாது. மீன் எண்ணிக்கையைக் குறைத்து வைக்கும், அவ்வளவுதான். அப்படிக் குறைவதால் சேதம் மெதுவாகி, பூச்சி இருப்பதே நமக்குத் தெரியாமல் போவதும் உண்டு. தவிர சிக்ஸ்லைன் தனக்குப் பின்னால் வரும் சாதுவான மீன்களை ஓட ஓட விரட்டும். மஞ்சள் கோரிஸ் ராஸ் அவ்வளவு முரடு இல்லை, ஆனால் இரவில் மணலுக்குள் புதைந்துதான் தூங்கும், மணலே இல்லாத தொட்டி அதற்கு ஆகாது. இரண்டுமே குதிக்கும், மேலே வலை மூடி வேண்டும்.

உங்கள் டிப்பில் ஒன்றும் விழாததற்குக் காரணம் முட்டை. ஐயோடின் ஆகட்டும், பைன் எண்ணெய் டிப் ஆகட்டும், பொட்டாசியம் குளோரைடு ஆகட்டும், வளர்ந்த பூச்சியைத்தான் மயக்கி உதிர்க்கும். முட்டைக்கு மேலே வழவழப்பான உறை இருக்கிறது, மருந்து உள்ளே போகாது. ஃபிராக்கிலோ, அதை ஒட்டியிருக்கும் பிளக் என்ற சிறு அடிக்கட்டையின் அடியிலோ ஒரு கொத்து இருந்திருக்கும், தொட்டிக்கு வந்த பிறகு பொரிந்திருக்கும்.

எனக்கு இது நாலு வருடத்துக்கு முன் வந்தது. மூன்று டிப் போட்டேன். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒன்றுகூட விழவில்லை. சரி, முடிந்தது என்று தொட்டியில் திரும்ப வைத்தேன். ஐந்தாவது வாரம் அதே வெள்ளைக் கோடு. ஊதா விளிம்பு போட்ட ஒரு தட்டு, அதன் பிறகு பிழைக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்கிறேன்: ஐந்து நாளுக்கு ஒரு டிப், குறைந்தது ஆறு முறை. கடைசியாகப் பூச்சி விழுந்த நாளுக்குப் பிறகும் மூன்று முறை. பொரிந்து வரும் குஞ்சு வளர்ந்து மறுபடி முட்டை போடுவதற்குள் அடுத்த டிப் வந்துவிட வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். மொன்டிபோரா எல்லாவற்றையும், ஆரோக்கியமாகத் தெரிபவை உட்பட, தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறு ஒரு சிறிய தொட்டி, அடியில் மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஹீட்டர், பம்பு, சுமாரான விளக்கு போதும். உள்ளே வைக்கும் முன் செத்த எலும்புப் பகுதியை உயிருள்ள சதை ஓரம் வரை வெட்டி எறியுங்கள், முட்டை பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். பழைய பிளக்கையும் எறிந்துவிட்டுப் புது பிளக்கில் ஜெல் பசை வைத்து ஒட்டுங்கள். வெட்ட மனம் வராது, தெரியும். ஆனால் முழுத் தட்டாக வைத்து மடிப்புக்குள் ஒரு கொத்தை விட்டுவிடுவதைவிட, சுத்தமான மூன்று துண்டு மேல்.

டிப் போட வெள்ளை வாளி எடுங்கள், விழுவது கண்ணுக்குத் தெரியும். தொட்டித் தண்ணீரையே எடுத்து, புட்டியில் சொல்லியிருக்கும் அளவுக்கு மருந்து கலந்து, அதில் சொல்லியிருக்கும் நேரம் முழுவதும் பீச்சுக்குழலால் அடியில் பலமாகத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருங்கள். சும்மா ஊற வைத்தால் பாதிதான் விழும். பிறகு சுத்தமான உப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசல். அந்த வாளித் தண்ணீர் ஒரு சொட்டுகூட தொட்டிக்குத் திரும்பக் கூடாது. ஒவ்வொரு டிப்புக்குப் பிறகும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கண்ணில் படும் முட்டையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தோ கத்தி முனையால் சுரண்டியோ எடுங்கள்.

பெரிய தொட்டியில் தின்ன எதுவும் இல்லாததால் மிச்சப் பூச்சி பட்டினியில் சாகும். நான் எட்டு வாரம் காலியாக விட்டேன்.

நீலத்தொட்டி எழுதியது:

அக்கா, நன்றி. ஒரு சிக்கல். பின்பக்கம் பெரிய பாறையில் படரும் வகை மொன்டிபோரா உள்ளங்கை அளவுக்கு ஓடியிருக்கிறது. பாறையை எடுத்தால் மொத்த அடுக்கும் சரியும். அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எடுக்கலாமா? இல்லை, அக்ரோபோராவில் வரும் ரெட் பக் பூச்சிக்குத் தொட்டியிலேயே ஊற்றும் மருந்து ஒன்று சொல்கிறார்களே, அது இதற்கு ஆகுமா?

பவளக்கொடி எழுதியது:

விட்டுவிட்டால் எட்டு வாரமும் வீண், அது ஒன்றே அவற்றுக்குப் போதும். சுரண்டுவதும் வேண்டாம், ஒரு பொட்டு சதை மிஞ்சினாலும் திரும்பப் படரும். இரண்டு பாகம் பிசையும் எபாக்ஸி பசை வாங்கி, ஓரம் ஒரு விரல் அகலம் தாண்டும்படி அப்படியே மூடிவிடுங்கள். வெளிச்சமும் தண்ணீர் ஓட்டமும் இல்லாமல் அடியில் இருப்பது போய்விடும். ஒரு பவளத்தை நாமே மூடுவது கஷ்டம்தான். முதலில் ஒரு சில்லு உடைத்தெடுத்து மற்ற துண்டுகளோடு டிப்பில் சேர்த்துவிடுங்கள், வகை கைவிட்டுப் போகாது.

ரெட் பக் மருந்து வேண்டவே வேண்டாம். ரெட் பக் இறால் நண்டு இனத்தைச் சேர்ந்தது, மருந்தும் அந்த இனத்தைத்தான் கொல்லும். நத்தை இனமான நுடிபிராங்கை அது ஒழிக்காது, உங்கள் இறாலும் நண்டும்தான் போகும்.

மணல்மேடு எழுதியது:

குறுக்கே வருகிறேன். இந்தத் திரியைப் பார்த்து சோவாந்திட் (சுருக்கமாக சோவா, பாறையில் பொத்தான் மாதிரி பாலிப்களாகப் படர்வது) வைத்திருப்பவர்களும் பாறையை வெளியே எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள், அதற்காகச் சொல்கிறேன். சோவாவைத் தின்னும் நுடிபிராங்க் வேறு வகை, தின்ற பாலிப்பின் நிறத்தையே எடுத்துக்கொள்வதால் மூடிய பாலிப் போலவே தெரியும். முறை கிட்டத்தட்ட இதேதான். ஆனால் சோவாவிலும் அதன் உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் இருக்கலாம், கொடிய நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைக்கவே கூடாது, ஆவியை மூச்சிழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

நீலத்தொட்டி எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன்.

பாறையில் இருந்ததை எபாக்ஸியில் மூடினேன். தட்டை வெட்டியதில் நல்லதாக மூன்று துண்டு தேறியது. முதல் டிப்பில் 11 பூச்சி, வாளி அடியில் வெள்ளையில் வெள்ளையாக இருந்ததால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எண்ணினேன். வெள்ளை வாளியில் நிழல்தான் முதலில் தெரிகிறது, அடுத்து செய்பவர்கள் கவனியுங்கள். இரண்டாவதில் 4. மூன்றாவதில் ஒன்றும் இல்லை, அன்றைக்கு அக்கா எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டு நிறுத்தாமல் போனேன். நாலாவதில் 2, ஒவ்வொன்றும் 1 மி.மீ.கூட இல்லை. மூன்றில் நிறுத்தியிருந்தால் அந்த இரண்டும் பெரிய தொட்டிக்குப் போயிருக்கும். ஐந்து, ஆறு, ஏழு மூன்றிலும் எதுவும் விழவில்லை. பூதக்கண்ணாடியிலும் முட்டை இல்லை.

பச்சை ஃபிராக் பிழைக்கவில்லை. ஆரஞ்சின் ஒரு துண்டில் வெட்டிய ஓரம் மூடி, வெளுத்த ஆரஞ்சில் மெல்லிய புது விளிம்பு வந்திருக்கிறது. இன்று காலை அளந்தேன், 2 மி.மீ. பெரிய தொட்டியில் அது இருந்த இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. எட்டு வாரம் முடிய ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் இன்னொரு டிப் போட்டுவிட்டு முதலில் ஒரு துண்டை மட்டும் வைக்கிறேன், மற்ற இரண்டும் இந்தச் சின்னத் தொட்டியிலேயே இருக்கட்டும்.