லேப்ரடார் பெண் நாய் ஒன்று: இன மீட்புக் குழுவிடம் எப்படிச் சொல்வது?

தாமிரபரணிக்கரை

பாளையங்கோட்டை பைபாஸ் ஓரத்தில் ஒரு ஓட்டல் வாசலில் சுற்றிக்கொண்டிருந்த நாய். வெளிர் மஞ்சள் நிறம், லேப்ரடார் மாதிரி இருக்கிறது. இப்போது எங்கள் மாட்டுக்கொட்டகையில் தனியாக வைத்திருக்கிறோம். கழுத்தில் பெல்ட் இல்லை, ஆனால் பெல்ட் கிடந்த இடத்தில் முடி தேய்ந்திருக்கிறது. விலா எலும்பு எண்ணலாம். காம்புகள் தொங்குகின்றன. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி. ஆட்களிடம் சாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு சிப்பிப்பாறை ஆண் இருப்பதால் வைத்துக்கொள்ள வழியில்லை.

லேப்ரடார்களை மட்டும் எடுத்து வீடு பார்த்துக் கொடுக்கிற குழுக்கள் சென்னை, பெங்களூரு பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டு இடத்துக்குப் போட்டோ அனுப்பினேன், பதில் இல்லை. முறையாக எப்படிச் சொல்வது? அனுப்பும் முன் இங்கே என்னென்ன முடிக்க வேண்டும்?

வாலாட்டி

அண்ணாச்சி, போட்டோ மட்டும் போனா பதில் வராது. குழு நடத்துறவங்க பெரும்பாலும் வேலைக்குப் போயிட்டு ராத்திரி மெசேஜ் பாக்குறவங்க. "பாவம், யாராவது காப்பாத்துங்க"ன்னு வர்ற பார்வர்டு எல்லாம் ஓரமாப் போயிடும். முடிவெடுக்கத் தேவையான விவரம் முழுசா இருக்கிற மெசேஜுக்குத்தான் முதல்ல பதில் வரும்.

அவங்க கேக்குற முதல் கேள்வி, இது யாரோட நாய்? தொலைஞ்சு போன நாயை வெளியூருக்கு அனுப்பிட்டு, அடுத்த வாரம் உரிமையாளர் வந்து நின்னா குழுவுக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். அதனால உரிமையாளரைத் தேடின அடையாளம் கையில இருக்கணும்.

முதல்ல மைக்ரோசிப், அதாவது தோலுக்கு அடியில போடுற அடையாளச் சிப்பு. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலயோ தனியார் கிளினிக்லயோ ரீடர் இருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. சிப்பு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுலதான் போடுவாங்க, ஆனா நாளாக நாளாகத் தோளுக்கோ முன்னங்காலுக்கோ நகர்ந்திருக்கலாம். ஒரு தடவை முதுகுல காட்டிட்டு "இல்லை"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. கழுத்துல இருந்து வால் வரை, ரெண்டு பக்கமும், முன்னங்கால் ரெண்டும், ரீடரை மெதுவா உடம்போட ஒட்டி நகர்த்தச் சொல்லுங்க. இரும்பு மேசை மேல வச்சு ஸ்கேன் பண்ணினா சில சமயம் சரியா எடுக்காது, தரையில நிக்க வச்சுப் பாக்கச் சொல்லுங்க. 15 இலக்க எண் வரும். முதல் மூணு இலக்கம் 900 அல்லது அதுக்கு மேல இருந்தா அது சிப்புத் தயாரிப்பாளரோட குறியீடு, நாடு தெரியாது. எண் கிடைச்சா சென்னையில இருக்கிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவுக்கு எழுதிக் கேளுங்க. அங்க பதிவான குட்டின்னா சிப்பு எண்ணை வச்சு யார் பேர்ல இருக்குன்னு தெரியும்.

சிப்பு இல்லைன்னா சுத்துவட்டார கிளினிக், பெட் ஷாப், அந்த ஓட்டல், பக்கத்துப் பெட்ரோல் பங்க் எல்லாத்துலயும் நோட்டீஸ் ஒட்டுங்க. படம் ஒண்ணு போதும். ஏதாவது ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாம மறைச்சு வையுங்க, வயித்துல மச்சமோ உடைஞ்ச பல்லோ. "என் நாய்தான்"னு வர்றவரை அதைக் கேளுங்க. தடுப்பூசிப் புத்தகமும் பழைய போட்டோவும் காட்டணும். லோக்கல் ஸ்டேஷன்ல ஒரு மனு எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிடுங்க. பின்னாடி யாரும் "திருடிட்டாங்க"ன்னு சொன்னா அந்தத் தாள்தான் பேசும். ரெண்டு வாரம் காத்திருந்தா பெரும்பாலான குழுவுக்குப் போதும்.

இடைப்பட்ட காலத்துல நாய் சொல்றதையும் பாருங்க. நகம் நீளமா வளைஞ்சிருந்தா அடைச்சு வச்சிருந்த நாய், தெருவுக்கு வந்து ரொம்ப நாள் ஆகலை. முழங்கையில முடி உதிர்ந்து காய்ச்சுப் போயிருந்தா சிமென்ட் தரையிலயே கிடந்திருக்கு. காம்பு தொங்குறதையும் சேர்த்துப் பாத்தா, குட்டிக்காக வச்சிருந்து வயசானதும் இறக்கி விட்ட கேஸ் மாதிரி படுது.

கொங்கு வெட்டர்னரி

மருத்துவப் பக்கத்தைச் சொல்கிறேன். நான் எழுதுவது மருந்துச்சீட்டு அல்ல, நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதே இறுதி.

உண்ணி இவ்வளவு இருந்தால் இரத்தப் பரிசோதனை கட்டாயம்: முழு இரத்த எண்ணிக்கை, இரத்தப்பூச்சு, எர்லிக்கியா (உண்ணி பரப்பும் கிருமி) ரேப்பிட் டெஸ்ட், முடிந்தால் கல்லீரல், சிறுநீரக அளவுகள். மாத்திரை எதுவும் கொடுக்கும் முன்பே இரத்தம் எடுத்துவிடுங்கள். பலர் உண்ணிக் காய்ச்சல்தானே என்று டாக்ஸிசைக்ளினைத் தாமாகவே ஆரம்பித்துவிடுகிறார்கள். அது எர்லிக்கியாவுக்குச் சரி, உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பேபீசியாவைக் குணப்படுத்தாது. சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ ஈறு வெளிறியிருந்தாலோ அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் மாத்திரையாக விழுங்க வைத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். பொதுவாக 28 நாள் கோர்ஸ். நாய் நான்காம் நாளே துள்ளும், அதற்காக நிறுத்தக்கூடாது. குழுவுக்கு எழுதும்போது எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று குறிப்பிடுங்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்பதால் இன்னொன்று. ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, சாப்பிடாமை, வாந்தி, பிறப்புறுப்பில் சீழ் என்று வந்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வராமலும் இருக்கலாம், அது இன்னும் ஆபத்து. காத்திருக்கும் விஷயம் இல்லை. இரத்தம் கலந்த கசிவும் காலிஃபிளவர் மாதிரி கட்டியும் இருந்தால் டி.வி.டி. எனப்படும் பால்வினைக் கட்டி. ஊசியிலேயே குணமாகும், ஆனால் வாரம் ஒரு முறை சில வாரங்கள் போட வேண்டும். இதை மறைத்து அனுப்பாதீர்கள், மற்ற நாய்களுக்கும் பரவும்.

வயதை "2 வயது" என்று எழுதி ஏமாற்ற வேண்டாம், யாரும் நம்பமாட்டார்கள். பல் கறை, முன்பல் தேய்மானம், கண்மணியில் நீலச்சாம்பல் மங்கல் (இது பொதுவாக ஆறேழு வயதுக்குப் பிறகு) மூன்றையும் பார்த்து மருத்துவர் ஒரு வரம்பு சொல்வார். "5 முதல் 7" என்று எழுதினால் போதும். கல் கடிக்கிற நாய்க்குப் பல் சீக்கிரம் தேயும்.

சாப்பாடு: எலும்பும் தோலுமாக இருக்கும் நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடாதீர்கள். சிறிது சிறிதாக நான்கு வேளை, உப்பில்லாத வேகவைத்த கோழியும் சோறும், ஒரு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள். உங்கள் சிப்பிப்பாறையோடு இரண்டு வாரமாவது சேர்க்க வேண்டாம். தட்டு, தண்ணீர்ச் சட்டி தனி.

தாமிரபரணிக்கரை

நன்றி டாக்டர். ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கே கொண்டுபோகிறேன். இரண்டு சந்தேகம். உரிமையாளர் கிடைத்து, "எங்களுக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க" என்றால்? அடுத்து, கருத்தடை இங்கேயே செய்துவிட்டு அனுப்புவதா, குழு பார்த்துக்கொள்ளுமா?

வாலாட்டி

வாய்ல சொன்னதை நம்பாதீங்க. ஒரு தாள்ல எழுதி வாங்குங்க: நாயோட அடையாளம், சிப்பு எண், "எல்லா உரிமையும் விட்டுக்கொடுக்கிறேன், கருத்தடை செய்யவும் வேற வீட்டுக்குக் கொடுக்கவும் சம்மதம்", தேதி, கையெழுத்து, அடையாள அட்டை நகல், ரெண்டு சாட்சி. தடுப்பூசிப் புத்தகமும் கென்னல் கிளப் சான்றிதழும் இருந்தா அதையும் வாங்கிடுங்க. கடிச்சிருக்கா, யாரை, எப்போன்னு அந்த இடத்துலயே கேளுங்க, அப்புறம் அவர் போன் எடுக்கமாட்டார். பணம் கேட்டா தராதீங்க. தெருவுல விட்டுட்டுப் போறது 1960 மிருகவதைத் தடைச் சட்டம் 11வது பிரிவுல குற்றம்னு நினைவுபடுத்தலாம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 வரை, ஒரு பிளேட் புரோட்டாவுக்குக் கூடப் பத்தாது, ஆனா வார்த்தைக்கு எடை உண்டு.

கருத்தடை கைமாற்றுறதுக்கு முன்னாடியே முடிஞ்சா நல்லது. சுத்த இனத்துப் பெண் நாய்னு தெரிஞ்சா குட்டி வியாபாரம் பண்றவங்க தத்தெடுக்கிற மாதிரி வருவாங்க. "ஹீட் வந்துடுச்சா? பேப்பர் இருக்கா?"ன்னு கேட்டா அங்கேயே பேச்சை முடிச்சுக்கங்க. பிளேட்லெட் (இரத்தத்தை உறைய வைக்கிற அணு) சரியாகி, பால் வத்தி, ஹீட்ல இருந்தா அது முடிஞ்சு ரெண்டு, மூணு மாசம் கழிச்சுத்தான் அறுவை பண்ணுவாங்க. அதுவரை வைக்க இடமில்லைன்னா, கருத்தடை பண்ணித்தான் தத்து கொடுப்போம்னு எழுத்துல சொல்ற குழுவுக்கு மட்டும் அனுப்புங்க.

குழுவையும் விசாரிங்க. தத்துப் படிவம், வீட்டுப் பரிசோதனை, எந்த மருத்துவர், தத்து தோத்தா திரும்ப எடுப்பாங்களா? இதுக்கெல்லாம் நேரா பதில் வரணும். நாயைப் பாக்காமலே "வண்டி வாடகை முதல்ல போடுங்க"ன்னு யு.பி.ஐ. நம்பர் அனுப்பினா அது குழு இல்லை.

பின்கட்டு

குழுவுக்கு நாய் வரும்போது பெரும்பாலும் இடறுவது குணம் பற்றிய விவரத்தில். "ரொம்ப ஃப்ரெண்ட்லி" என்பது தகவல் இல்லை. முதல் மூன்று நாலு நாள் பயந்த நாய் சாதுவாகத்தான் தெரியும், அதற்குப் பிறகு பாருங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் நடந்தால் உடம்பு விறைக்கிறதா (கையைத் தட்டுக்குள் விட்டுச் சோதிக்க வேண்டாம்), கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உங்கள் நாய் நின்றால் என்ன செய்கிறது, கோழி, பூனை, ஆட்டோ, வேட்டுச் சத்தம், தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுகிறதா. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்காததைப் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். வீட்டில் சிறுபிள்ளை இல்லாமல் "குழந்தைகளோடு நல்லா இருக்கும்" என்று எழுதுவதால்தான் நாய் திரும்பி வருகிறது.

யாருக்காவது பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தால், அவர் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். நாய் 10 நாள் இருந்த இடத்திலேயே தனியாகக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அந்த 10 நாளில் வேறு ஊருக்கு ஏற்றவே கூடாது.

படம்: வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்றபடி ஒன்று, முகம், உதடு தூக்கிப் பல், வயிறும் காம்பும், புண் இருந்தால் கிட்டத்தில். நடக்கிற வீடியோ அரை நிமிடம், இடுப்பு ஆட்டமோ நொண்டலோ அதில்தான் தெரியும். ஃபில்டர் வேண்டாம். கலப்பாக இருக்கலாம் என்று பட்டால் அதையும் சொல்லுங்கள், கலப்பையும் எடுக்கிற குழுக்கள் உண்டு.

செய்தி இப்படி இருந்தால் போதும்:

"லேப்ரடார் (கலப்பாகவும் இருக்கலாம்), பெண், மதிப்பு வயது 5–7, எடை __ கிலோ. இருக்குமிடம் பாளையங்கோட்டை. தெருவில் கிடைத்தது, தேதி __. சிப்பு இல்லை, முழு உடம்பும் ஸ்கேன் செய்தது __ மருத்துவமனை. சி.எஸ்.ஆர். எண் __. இதுவரை யாரும் உரிமை கோரவில்லை. கருத்தடை இல்லை. இரத்த அறிக்கை இணைப்பில், மருந்து தொடங்கிய தேதி __. ரேபிஸ் ஊசி __. கடித்த வரலாறு: நாங்கள் வைத்திருக்கும் நாட்களில் இல்லை, அதற்கு முன் தெரியாது. ஆண் நாயிடம் வலைக்கு அப்பால் அமைதி, பூனை சோதிக்கவில்லை. __ தேதி வரை நாங்களே பார்த்துக்கொள்வோம், மருத்துவச் செலவும் எங்களுடையது. வேறு __ குழுவுக்கும் இதே விவரம் அனுப்பியுள்ளோம்."

கடைசி இரண்டு வரிதான் பதிலைக் கொண்டுவரும். நாளைக்கே எடுக்காவிட்டால் தெருவில் விடுவேன் என்று மிரட்டுபவருக்கு யாரும் எழுதமாட்டார்கள். எங்காவது இடம் உறுதியானால் மற்ற குழுக்களுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

வாலாட்டி

பயணத்தையும் சேர்த்துச் சொல்லிடறேன். சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல. நெல்லை எக்ஸ்பிரஸ்ல முதல் வகுப்பு ஏசி உண்டு, ஆனா கூபே (ரெண்டு பேர் படுக்கிற தனி அறை) முழுசும் உங்க பேருக்கு ஒதுக்கினாத்தான் நாயோட ஏறலாம், அது சார்ட் போடும்போதுதான் உறுதியாகும். இல்லைன்னா கார்டு பெட்டியில இருக்கிற நாய்க்கூண்டு. உடம்பு தேறாத நாயை அதுல போடாதீங்க. ஏசி காரில ராத்திரிப் பயணம்தான் நல்லது. மருத்துவரோட உடல்தகுதிச் சான்றும் ரேபிஸ் ஊசிச் சீட்டும் கையில இருக்கட்டும். லேப்ரடாருக்கு 42 அங்குலக் கூண்டு சரியா இருக்கும். கிளம்புறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி கடைசிச் சாப்பாடு, வழியில தண்ணி மட்டும்.

இறக்குற இடத்துலதான் நாய் தப்பி ஓடும். மெலிஞ்ச கழுத்துல இருந்து பெல்ட் சுலபமாக் கழண்டுடும். உடம்புவார் (ஹார்னஸ்) ஒண்ணு, இழுத்தா இறுகுற கயிறு ஒண்ணு, ரெண்டையும் மாட்டிட்டு அப்புறம்தான் கார் கதவைத் திறக்கணும். கேட் பூட்டின காம்பவுண்டுக்குள்ள கைமாத்துங்க, வாங்கினவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கங்க.